சுடரி செத்த பதிப்பு

சித்திரக்கதைக் கம்பெனியில் மரகதவல்லிக்கு, மலிவுச் சந்தாக்காரர்களுக்கான கதையை எழுதும் வேலை. அந்தக் கம்பெனியின் நாயகர்கள் எல்லோருடைய கதையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒன்று புரிய வேண்டுமானால் மற்ற எல்லாவற்றையும் வாங்கியாக வேண்டும். அதற்கு வசதியில்லாதவர்கள் குழம்பிப்போய் விலகிவிடக் கூடாதே என்று, அவர்களுக்காகத் தனியாக ஒரு சின்ன உலகம் வைத்திருந்தார்கள். விலை கூடிய கதைக்குப் போய்விடும் பாத்திரங்கள் இந்தச் சின்ன உலகத்தில் செத்துப்போவார்கள்.

போன வாரம் அவள் சுடரியைக் கொன்றாள். பிள்ளைகள் உயிராக நேசித்த, பறக்கும் பெண் சுடரி.

மரகதவல்லியின் மகள் நிறைமதி படித்ததும் மலிவுப் பதிப்பைத்தான். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள்.

"அம்மா, சுடரி சாகலையாம். நிலாவுல இருக்காளாம். மிருதுளா வீட்டுப் புத்தகத்துல வந்திருக்காம். நெஜமாம்மா?"

மிருதுளா நிறைமதியின் உயிர்த்தோழி; அவள் வீட்டில் வாங்குவது விலை கூடிய பதிப்பு. அந்தப் பதிப்பின் கதையை மலிவுச் சந்தாக்காரர்களிடம் சொன்னால் மரகதவல்லிக்கு வேலை போய்விடும். பெற்ற மகளிடம் சொன்னாலும்தான்.

"இல்ல கண்ணு. செத்துட்டா" என்றாள்.

மறுநாள் நிறைமதி நிமிர்ந்த தலையோடு வீட்டுக்கு வந்தாள்.

"எங்கம்மாதான் கதை எழுதுறாங்க, அவங்க பொய்யே சொல்ல மாட்டாங்கன்னு கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேம்மா. மிருதுளா அழுதா. அழட்டும். அந்தப் புளுகுமூட்டைகூட இனிமே நாங்க யாருமே பேச மாட்டோம்."