மூலை மேஜை ஜோடி

"சத்தியம் பண்ணுதேன் அண்ணாச்சி, அவிய ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியே இல்ல!"

லாரி புக்கிங் ஆபீஸ் தங்கப்பாண்டியன் பரோட்டாவைப் பிய்த்தபடி தீர்ப்புச் சொன்னார்.

கோவில்பட்டி அடங்கிய பிறகு களைகட்டும் ஹோட்டல் அது. கல்லாவில் இருந்த முதலாளி செண்பகராஜ் மூலை மேஜையைப் பார்த்தார். டெலிபோன் ஆபீஸ் டூட்டி முடித்து வரும் அந்தப் பெண்ணும், கழுகுமலையிலிருந்து மொபெட்டில் வரும் அந்த இளைஞனும் வழக்கம்போல் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பிள்ளை கழுத்துல தாலி கிடக்கே?"

"கிடக்கும். கட்டினவன் இவன் இல்ல. பொண்டாட்டி பேசுதப்ப எந்தப் புருஷனாவது இப்படி வாயைப் பாத்துக்கிட்டு இருப்பானா? கறியப் பூரா அவ இலைக்குத் தள்ளுதான் பாருங்க. நானும்தான் என் வீட்டுக்காரியக் கூட்டிட்டு வந்தேன். அவ அந்தச் சுவரைப் பாத்தா, நான் இந்தச் சுவரைப் பாத்தேன். அதுல்லா குடும்ப லட்சணம்!"

செண்பகராஜுக்கு அந்த வாதத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. அவருக்கும் கல்யாணமாகி இருபது வருஷம்.

"நம்ம சால்னா ருசிக்கு வாராகளோ என்னமோ..."

"உங்க சால்னாவுக்கு? கழுகுமலையில இருந்து?" தங்கப்பாண்டியனுக்குப் புரையேறியது. "அண்ணாச்சி, அதை ஊத்திக்கிட்டுத் தின்னுதவன் நான். என்கிட்டயேவா?"

செண்பகராஜ் முகம் சுருங்கியது.

"நாளைக்கு அவ புருஷன் அரிவாளோட வந்து நின்னா, கல்லாவுக்குக் கீழ ஒளிய இடம் இருக்கா? உங்க உடம்புக்குப் பத்தாது, சொல்லிட்டேன்."

இது உறைத்தது. 'இனிமே இங்கன வராதீங்க' என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே செண்பகராஜ் மூலை மேஜைக்குப் போனார். நல்ல பிள்ளைகளாகத்தான் தெரிந்தார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தயங்கி, அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் தொண்டையைச் செருமப் போனார்.

அவரைக் கவனிக்காமல் அவள் அவன் பக்கம் குனிந்தாள்.

"இந்தா பாருங்க, போன வாய்தாவுல சிரிச்ச மாதிரி நாளைக்குக் கோர்ட்டுல என்னையப் பாத்துச் சிரிச்சுத் தொலைக்காதீங்க. நம்ம ரெண்டு பேரையும் அத்து விட, உங்க வீட்டு ஆளுகளும் எங்க வீட்டு ஆளுகளும் வேன் பிடிச்சுல்லா வாராக!"