சராசரிக் கோடு

வில்லியனூருக்கு அருகே ஒரு மாதாகோவில் பள்ளியில் பிற்பகல் மூன்று மணி. முற்றத்துக் கம்பத்தில் பிரெஞ்சுக் கொடி காற்றில்லாமல் தொங்குகிறது. போன வாரம்தான் புதுச்சேரியிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியை சவேரியம்மாள், வகுப்பிலுள்ள ஆறு சிறுமிகளின் உயரத்தையும் அளந்து, கரும்பலகையில் ஆறு வெள்ளைப் பட்டைகளாக வரைந்து முடிக்கிறாள். எல்லாவற்றையும் கூட்டி ஆறால் வகுக்கிறாள். நூற்று இருபத்தொன்பது சென்டிமீட்டர் வருகிறது. அந்த உயரத்தில் பலகையின் குறுக்கே சிவப்புக் கோடு ஒன்றை இழுக்கிறாள். மூன்று பட்டைகள் கோட்டைத் தாண்டுகின்றன, மூன்று எட்டவில்லை. "இதுதான் சராசரி. இந்த உயரத்துல இங்க யாருமே இல்ல, பாத்தீங்களா?" என்று சிரிக்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரிலும் குட்டையான மதலேன் எழுந்து நிற்கிறாள். "அது எங்க ரோசியக்கா ஒசரம், மதாம்." "அப்படியா? ஏன், இன்னிக்கி அவ வரலியா?" "மாசியில காய்ச்சல்ல செத்துப்பூட்டா. பொட்டி செய்யறதுக்கு ஆசாரி அளந்தாரு. கால்மாட்டுல நாடாவ நான்தான் புடிச்சிக்கினு இருந்தேன். நூத்தி இருபத்தொம்போதுன்னாரு." சவேரியம்மாள் துணியை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்புகிறாள். "அழிக்காதீங்க மதாம்." குரலில் அழுகை இல்லை, அவசரம் மட்டும்தான். துணி பிடித்த கை பாதியில் நிற்கிறது. ஓட்டு இடுக்கில் இறங்கும் வெயிலில் சுண்ணத் தூள் மெல்லச் சுழல்கிறது. முதுகுக்குப் பின்னால் பெஞ்சு கிறீச்சிடும் சத்தம். திரும்பிப் பார்க்கிறாள். யாரும் சொல்லாமலே சிறுமிகள் நெருங்கி உட்கார்ந்து, மதலேன் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.