கவிழ்ந்த கூடைகள்

முதல் சத்தம் பின்வரிசையிலிருந்து வந்தது.

சிமெண்டுத் தரையில் அலுமினிய அன்னக்கூடை கவிழும் சத்தம்.

முன்வரிசையில் இருந்த அவள் திரும்பவில்லை. யாருடைய கூடை என்று பார்க்கப் பயமாக இருந்தது.

மேடையில் அவள் தம்பி ததேயு மைக்கைப் பிடித்திருந்தான். துறைமுகச் சுவர் எழும்பினால் நம் கரையைக் கடல் தின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் பேசுவான். அவன் பேசித்தான் இத்தனை பேர் போராட்டப் பந்தலுக்கு வந்தார்கள். இன்று கலெக்டரோடு பேசப் போகிறவனும் அவன்தான்.

இன்னொரு கூடை கவிழ்ந்தது.

அந்தக் கரையில் மீன் விற்கும் பெண்களின் வழக்கம் அது. ஏலம் விடுகிறவன் ஒருத்தியிடம் தப்பாக நடந்தால், எல்லோரும் அவன் முன்னால் கூடையைக் கவிழ்த்துவிடுவார்கள். அவன் பதில் சொல்லும்வரை நிமிர்த்தமாட்டார்கள். மீன் நாறிப்போனாலும் சரி.

அதைப் பந்தலுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். இங்கே பெண்களிடம் எவன் தப்பாகக் கை நீட்டினாலும் கூடை கவிழட்டும் என்றாள். எவனாக இருந்தாலும் என்று அழுத்திச் சொன்னாள். அன்றே பெண்கள் கமிட்டிக்கு அவளைத் தலைவியாக்கினார்கள். அப்போது அவள் மனதில் இருந்ததெல்லாம் வெளியூர்க் குடிகாரர்கள். தம்பி எங்கே நினைவுக்கு வருவான்?

மூன்றாவது. நான்காவது. பிறகு தகரக் கூரையில் மழை பிடித்ததுபோல்.

இப்போது திரும்பினாள்.

பின்வரிசையில் கவிழ்ந்த கூடையின் முன்னால் மெட்டில்டா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். கல்லூரிப் பிள்ளை. மேடைக்குப் பின்னால் ததேயுவோடு உட்கார்ந்து நோட்டீஸ் எழுதும் வேலை இனி வேண்டாம் என்று நேற்று வந்து சொன்னவள். காரணம் கேட்டால் அழுதாள்.

"வேல செய்ய மடின்னா போராட்டத்துக்கு எதுக்குட்டி வந்த?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டது கமிட்டித் தலைவியான அவள்தான்.

தன் கூடையைப் பார்த்தாள்.

பந்தலில் அவளுடைய கூடை ஒன்றுதான் நிமிர்ந்திருந்தது.

சாலைக்கு அப்பால் போலீஸ் வேன் நின்றது. கூட்டம் எப்போது உடையும் என்று நாள்கணக்கில் காத்திருக்கிறவர்கள்.

ததேயு பேச்சை நிறுத்தினான். அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியாததில்லை. அம்மா செத்த பிறகு அக்கா மீன் விற்றுத்தான் அவனைப் படிக்க வைத்தாள். அந்தக் கூடையில் வந்த சோறுதான் அவன் உடம்பு.

மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தான்.

"அக்கா, இப்ப வேண்டாம். போராட்டமே போயிரும்."

நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வான் என அவள் காத்திருந்தாள்.

கொஞ்சம் கூடுதலாகவே காத்திருந்தாள்.

அவன் சொல்லவில்லை.

இரண்டு கையாலும் கூடையைத் தூக்கினாள். கவிழ்த்தாள்.

ததேயு மைக்கை வைத்துவிட்டு இறங்கினான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. யாரும் அவனோடு போகவும் இல்லை.

பந்தல் உடையவில்லை.

கலெக்டரின் கார் வந்து நின்றது. யார் பேச வருகிறீர்கள் என்று அவர் கேட்டார். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அவள் எழுந்து பின்வரிசைக்குப் போனாள். மெட்டில்டாவின் முன்னால் நின்றாள். கையை மட்டும் நீட்டினாள்.

மெட்டில்டா அந்தக் கையைப் பார்த்தாள். அதுவும் ததேயு வீட்டுக் கைதான்.

பிடிக்காமல் தானே எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கலெக்டரை நோக்கி நடந்தாள்.

தன் கூடையை நிமிர்த்தாமல், மெட்டில்டாவின் பின்னால் அவளும் போனாள்.