தலையை மட்டும் ஆட்டாதே

“இன்னா திரௌபதி, மறுபடியும் தலையாட்டுறே! உன்னைக் கப்பல்ல ஏத்தியாச்சு, போ!”

தருமலிங்கம் அதட்டியதும் திரௌபதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். தோணிரேவு மீனவப் பெண், பதினாலு வயது. பெரியவர்கள் எது பேசினாலும் தலையாட்டிக் கேட்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவள். மரியாதை ஆளையே விற்றுவிடும் என்று யார் சொல்லித் தந்தார்கள்?

பழவேற்காட்டுக் கோட்டைக்குப் பின்னால் இருந்த அந்தக் கிடங்கில் பதினொரு பிள்ளைகள். ஆள்பிடிப்பவர்கள் சந்தையிலும் ஏரிக்கரையிலும் மடக்கிக் கொண்டுவந்தவர்கள். இன்று மதியம் கடலுக்கு அப்பால் பத்தாவியாவுக்கு அடிமைக் கப்பல். அதற்கு முன்னால் ஒல்லாந்து நாட்டு டச்சுக் கும்பினி அதிகாரி ஒவ்வொருவரையும், ‘சம்மதித்துத்தான் போகிறாயா?’ என்று கேட்க வேண்டும். மாட்டேன் என்றால் விட்டுவிட வேண்டும். கும்பினிச் சட்டம் அது. பிள்ளைகளுக்குத்தான் அது தெரியாது.

மூன்று நாளாக அதையே நாடகமாக நடத்திச் சொல்லிக்கொடுத்தார், அவர்களோடு அடைபட்டிருந்த தருமலிங்கம். கவிழ்த்த பெட்டிதான் அதிகாரியின் நாற்காலி. திருப்பாலைவனத்துச் சகாதேவன் அதில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏர் ஓட்டுகிறவர் மகனுக்கு அந்த வேஷம் அநியாயத்துக்குப் பொருந்தியது.

“கேக்கறது அவன் கடமை. மாட்டேன்னு சொல்றது உன் உரிமை. அவன் முறைப்பான், அவன் பேச்சைத் தமிழ்ல சொல்ற துபாஷி அவசரப்படுத்துவான். வாயைத் தொறந்து சொல்லு. தலையை மட்டும் ஆட்டாதே. ஆட்டினா சம்மதம்னு எழுதிக்குவாங்க.”

“அப்பிடி யாருனா ஆட்டியிருக்காங்களா மாமா?” என்றாள் திரௌபதி.

“போன வருஷம் ஒரு பொண்ணு. உன் வயசுதான். பயத்துல ஆட்டிட்டா.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“அந்த அதிகாரியோட கச்சேரி வாசல்ல ரொம்ப நாள் நின்னிருக்கேன்.”

சகாதேவன் பெட்டியிலிருந்து குதித்தான். “இவ்ளோ தெரிஞ்ச நீங்க எப்பிடி மாமா மாட்டிக்கினீங்க?”

“நானா வந்து மாட்டிக்கினேன்.”

கிடங்கே சிரித்தது. அங்கே வந்த பிறகு அவர்கள் சிரித்தது அதுதான் முதல்தடவை.

திரௌபதி மட்டும் சீக்கிரம் அடங்கிப்போனாள். “நைனா வலையோட வர்றப்போ நான்தான் மாமா கூடையைப் புடிப்பேன். இப்ப யாரு புடிக்கிறாங்களோ.”

தருமலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “பொண்ணு நிக்காத கரைக்கு வரவே அவருக்குப் புடிக்காது, கண்ணு. வா, இன்னொரு வாட்டி பார்க்கலாம்.”

கதவு திறந்தது. இப்போது நிஜக் கச்சேரி, நிஜ அதிகாரி.

“சம்மதமா? சீக்கிரம் சொல்லு!” என்றான் துபாஷி.

திரௌபதி பின்னங்கழுத்தைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். தலை அசையவில்லை. “மாட்டேன். நான் ஊட்டுக்குப் போவணும்!”

எழுத்தர் பட்டியலில் அவள் பெயரை அடித்தார். அடுத்து சகாதேவன். ஒவ்வொன்றாகப் பதினொரு பெயரும் அடிக்கப்பட்டன. அதிகாரியின் முகம் சிவந்தது. ஆனால் கேள்வியும் அவர்களுடையது, சட்டமும் அவர்களுடையது. என்ன செய்ய முடியும்?

கடைசியாகத் தருமலிங்கம். மாமாவையும் கூட்டிக்கொண்டே ஓடிவிடலாம் என்று பிள்ளைகள் வாசலில் காத்து நின்றார்கள்.

“சம்மதமா?”

தருமலிங்கம் வாயைத் திறக்கவில்லை. கடல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, எல்லாருக்கும் தெரியும்படி, தலையை நன்றாக ஆட்டினார்.

“மாமா, தலை! தலை!” திரௌபதி அலறினாள்.

“தெரிஞ்சுதான் கண்ணு ஆட்டுறேன்” என்றார் அவர். “போன வருஷம் தலையாட்டினாளே, அவ என் பொண்ணு ஜெயம்மா. அவகிட்ட என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேற கப்பல் இல்லே.”