மூட்டைக்கு ஒரு மோட்டார்

"மூட்டையெல்லாம் வேன்லதான் வரும். பாருங்களேன், பாதி மலையிலயே இவனைத் தூக்கி உள்ளே போடப் போறாங்க!"

நாத்தனார் சொன்னதும் சைக்கிள் கடை வாசலில் நின்ற சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

மூட்டை என்பது அவளுடைய தம்பி. அதாவது நம்ம டீச்சரின் புருஷன். சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் அவருக்கு அதுதான் பேர்.

அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதுதான் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனுக்கு ரோஷம் என்று ஒன்று வேண்டாமா?

லீவுக்கு வந்த இடத்தில் ஒரு நாள் சைக்கிள் பயணம். காட்டுப் பாதையில் புகுந்து, ஏரியைச் சுற்றி, மலை மேலே இருக்கிற பழைய கோட்டை ஊரில் போய் முடியும். முடியாதவர்களை அள்ளிப் போட்டுக்கொள்ள, பின்னாலேயே கடைக்காரரின் வேன் வரும். எல்லாம் நாத்தனாரின் ஏற்பாடு. விடிவதற்குள் நடந்து முடித்துவிட்டு, குடும்ப குரூப்பில் போட்டோ போட்டுத் தூங்குகிறவர்களை எழுப்பிவிடுகிற ரகம் அவள்.

டீச்சர் சும்மா இருப்பாளா? முதல் நாளே கடைக்காரருக்கு ரகசியமாக போன் போட்டிருந்தாள்.

"அண்ணே, மோட்டார் வெச்ச சைக்கிள் இருக்காமே? அதை எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்துடுங்க. அவருக்குத் தெரியக் கூடாது. யாருக்குமே தெரியக் கூடாது."

"பார்த்தா தெரியாதும்மா. சத்தமும் வராது. மிதிக்கிறப்போ பின்னாலேருந்து லேசா தள்ளிவிடும், அவ்வளவுதான். தானே மிதிச்சுப் போறதா நினைச்சுக்குவார்."

"அது போதும்ணே. மானம் தப்பிச்சுடும்."

காட்டுக்குள் நுழைந்ததும் டீச்சருக்கே ஆச்சரியம். வேர், கல், மேடு எதையும் அவள் சைக்கிள் சட்டை செய்யவில்லை. இத்தனைக்கும் முட்டி வலிக்காரி! பள்ளிக்கூடத்தில் மாடி ஏறி மாடி இறங்கியது வீண் போகவில்லை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

மோட்டார்காரர்தான் உஸ்ஸு புஸ்ஸு என்று கடைசியாக வந்துகொண்டிருந்தார்.

ஏரிக்கரையில் அவருக்காக நின்றாள்.

"ஏங்க, கொஞ்சம் மிதிங்களேன்! சும்மா காலை வெச்சாலே போதும், தானா போகும்."

"தானாவா? அதெப்படி தானா போகும்?"

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அது... மனசு வெச்சா போகும்னு சொன்னேன்."

"நீ போறதைப் பார்த்தா அப்படித்தான் தோணுது." அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னமா போறே!"

"பின்னே? நானும் உங்களை மாதிரி ஆபீஸ் நாற்காலியைத் தேய்க்கிற ஆளா?"

அவர் சிரித்தார்.

"டேய் மூட்டை! வேனைக் கூப்பிடட்டுமா?" முன்னாலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

கோட்டை ஊருக்கு ஏறும் பாதை செங்குத்து. கல் பாவிய தெரு வேறு. நாத்தனார் சிட்டாகப் பறந்தாள். டீச்சரும் பின்னாலேயே ஏறிப் போய்க் கோட்டை வாசலில் இறங்கினாள்.

கீழே பார்த்தால், மனுஷன் தெருவின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தார். பின்னால் வேன் ஹாரன் அடித்தது. "ஏறிக்குங்க சார்!" அவர் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு மிதித்தார்.

ஒருவழியாக மேலே வந்து படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள்.

"என்னடா இது? உன் பொண்டாட்டி முட்டி வலியோட எப்படி ஏறினா பாரு! உனக்கு வெக்கமா இல்லை?"

டீச்சர் நேரே வேனுக்குப் போனாள்.

"ஏமாத்திட்டீங்களே அண்ணே! மோட்டார் வேலையே செய்யலை. பாருங்க, அவருக்கு உயிரே போகுது."

"நல்லா வேலை செஞ்சுதேம்மா. நீங்க கவனிக்கலையா?"

"நான் எதுக்குக் கவனிக்கணும்?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"காலையில சீட்டை இறக்கிக் குடுக்கிறப்போ சார்கிட்ட உளறிட்டேன். உடனே கையைப் பிடிச்சுக்கிட்டார். 'அதை என் சம்சாரத்துக்கு மாத்திடுங்க. முட்டி வலியோட எனக்காக வந்திருக்கா. சொல்லிடாதீங்க, தானே ஏறினதா நினைச்சு சந்தோஷப்படட்டும்'னார்."

டீச்சருக்குக் காலையிலிருந்து அவரைப் பேசின பேச்செல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து குத்தியது.

அந்தப் பக்கம் நாத்தனார் இன்னும் விடுவதாக இல்லை. "சொல்லுடா, அவ கால்ல இருக்கிற பலத்துல பாதியாவது உனக்கு இருக்கா?"

"எங்கேக்கா? அவளை மாதிரி நமக்கு வருமா?" என்றார் மூட்டை, ரொம்ப அடக்கமாக.

அதற்கு மேல் டீச்சரால் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று போய் நடுவில் நின்றாள்.

"போதும் அண்ணி! என் கால் பலமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் சைக்கிள்ல மோட்டார் இருக்கு. இவ்வளவு மலையையும் சொந்தக் காலால மிதிச்சு ஏறினவர் உங்க தம்பிதான்!"

நாத்தனாரின் முகம் சட்டென்று வெளிறிப் போனது. சுற்றுமுற்றும் பார்த்தாள். டீச்சரின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போய், காதோடு காதாகக் கேட்டாள்:

"உன் சைக்கிள்லயுமா?"