சுவருக்கு அந்தப் பக்கம்

“சுவருக்கு அந்தப் பக்கம் யாரும்மா தூங்குறாங்க?”

தோட்டா வாங்க யார் வந்தாலும் ஆர்வில் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில் முப்பது வருஷமாகத் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவர். ஆபத்து என்று அவர் சுட்டது ஒரே ஒரு தடவை. திருடன் என்று நினைத்து, தன் வீட்டுப் பிரிட்ஜை.

“என் பொண்ணு டெஸ்ஸா. ஆறு வயசு,” என்றாள் வந்தவள். “நான் ரோவீனா. கிளின்ட் ஹாஸ்கெலோட மனைவி.”

“அட, போன மாசம் பாலத்துக்கிட்ட குடிவந்தாரே, அவரா! உங்களை இப்பதான் பார்க்கிறேன்.”

ஆர்வில் கண்ணாடி மேஜை மேல் மூன்று தோட்டாக்களை நிறுத்தினார். வாடிக்கையாளர் காலை நக்காமல் விடாத கிழட்டு நாய் பிஸ்கட், ஏனோ மேஜைக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டது.

“இந்தக் குட்டி, கைப்பையில வைக்கிற துப்பாக்கிக்கு. இந்தத் தடியன், கரடி இருக்கிற மலைக்குப் போறவங்களுக்கு. வீட்டுக்குன்னா இந்த ஒன்பது மில்லிமீட்டர். அதுலயும் மூக்குல, அதான் முனையில, குழி இருக்கணும். ஆள் மேல பட்டா விரிஞ்சு பெரும்பாலும் உள்ளேயே நின்னுடும். உருண்டை மூக்கு சுட்டுப் பழகத்தான். ஆளையும் துளைச்சு, சுவரையும் துளைச்சுட்டுப் போயிடும்.”

“கிளின்ட் வச்சிருக்கிறது உருண்டை மூக்கு.”

“மலிவா கிடைக்குதுன்னு எல்லாரும் பண்ற முட்டாள்தனம்! இதை எடுத்துட்டுப் போங்க.”

அவள் தொடவில்லை. “ஆள் மேல படாமப் போனா?”

“அப்போ இதுவும் நிக்காது. நம்ம ஊர் வீட்டுச் சுவரெல்லாம் செங்கல்லா என்ன, வெறும் அட்டைதானே? என் பிரிட்ஜைக் கேளுங்க, சொல்லும்.”

அவள் சிரிக்கவில்லை. “வேற வழியே இல்லையா?”

அந்த முகத்தைப் பார்த்ததும் ஆர்விலுக்கு வியாபாரம் மறந்துபோனது. “இருக்கும்மா. தோட்டாவை விடுங்க. குழந்தை கட்டிலை வேற ரூமுக்கு மாத்துங்க.”

“அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன்.”

அவர் தோட்டாக்களை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினார். அவள் இல்லை. கதவு மணி அடித்த மாதிரியும் இல்லை. ‘பிரிட்ஜைச் சுட்ட அன்னைக்கே என் காதும் போச்சு போலிருக்கு’ என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

சாயங்காலம் மணி கணகணவென்று அடித்தது. சிவந்த கண்களோடு கிளின்ட்.

“பெருசு, அதே உருண்டை மூக்குல ஒரு பெட்டி குடு.”

“எதுக்குப்பா?”

“ஒரு வாரமா ராத்திரி வீட்டுக்குள்ள யாரோ நடக்குறாங்க. டெஸ்ஸா ரூம் சுவர்கிட்ட வந்து அப்படியே நிக்கிறாங்க. விளக்கைப் போட்டா ஆளைக் காணோம். இன்னைக்கு விளக்கெல்லாம் கிடையாது. சத்தம் வர்ற இடத்தைப் பார்த்து சுடப்போறேன்.”

“பைத்தியக்காரா, சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை தூங்குதே! முதல்ல கட்டிலை மாத்து. காலையிலதான் உன் பொண்டாட்டி ரோவீனா வந்து, உன்கிட்ட இதைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சிட்டுப் போனா.”

கிளின்ட் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

“ரோவீனாவை அடக்கம் பண்ணிட்டுத்தான் பெருசு, நாங்க இந்த ஊருக்கே வந்தோம்.”

ராத்திரியெல்லாம் அந்தச் சுவரோரம் நிற்பது யார் என்பதும், குண்டு ‘ஆள் மேல படாமப் போனா’ என்று அவள் ஏன் கேட்டாள் என்பதும் ஆர்விலுக்கு அப்போதுதான் புரிந்தது.