மூன்றரைக்கு விரட்டணும்

செல்போன் கடைப் பெண் மூன்றாவது ரிமைண்டர் ஆப்பைப் போட்டாள்.

"முதல்ல போட்டது ஒரு தடவை முனகிட்டுத் தூங்கிடுச்சு. ரெண்டாவதுல படம் மட்டும் வருது, சத்தத்தைக் காணோம்," என்றார் பெரியவர். "மூன்றரைக்கு என்னை விரட்டணும்மா. பாப்பாவை ஸ்கூல்லருந்து கூட்டிட்டு வரணும்."

"மறந்துருவீங்களா தாத்தா?"

"ஒருநாள் மறந்துட்டேன். வாட்ச்மேன் ஸ்டூல்ல பையைக் கட்டிக்கிட்டு அழுதிட்டிருந்தா. அது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது."

"இது நீங்க எழுந்திரிக்கிற வரைக்கும் விடாது. ஆனா முடிவுத் தேதி கேக்குதே. பாப்பா எப்போ ஸ்கூலை முடிக்கும்?"

"அந்த இடத்தைக் காலியா விட்டுடும்மா."

மூன்றரைக்கு போன் அலறியது. பெரியவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார்.

பள்ளி வாசலில் பிள்ளைகள் எல்லாம் போய் ஓய்ந்த பிறகு, நரைத்த கொண்டையோடு தலைமை ஆசிரியை வெளியே வந்தார்.

"இன்னிக்கும் வெயில்ல வந்து நிக்கிறீங்களாப்பா? அடுத்த மாசம் நான் ரிடையர் ஆகப்போறேன். அப்புறம் மூன்றரைக்கு என்ன செய்வீங்க?"

"அதை அப்போ பாத்துக்கலாம். பையைக் குடு பாப்பா."

தலைமை ஆசிரியை இரண்டு பக்கமும் பார்த்தார். மாணவர்கள் யாரும் இல்லை என்று தெரிந்ததும் பையைக் கொடுத்துவிட்டு, அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.